வெட்டும்போதே ரத்தத்தை நிறுத்தும் கருவி: உரிமையை ஒரு டாலருக்கு விற்ற வில்லியம் போவி யார்?

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியதும் வருவது பென்னலூர். ஒரு பக்கம் இன்ஜினீயரிங் கல்லூரி, சுற்றிலும் கார், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மின்சாரத்தால் உலோகத்தை வெட்டுவதும் ஒட்டுவதும் அன்றாட விஷயம். வெல்டிங் பொறி பறப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள்.

அதே மின்சாரத்தால் மனித உடலையும் வெட்ட முடியும். வெட்டும் இடத்திலேயே ரத்தத்தையும் நிறுத்த முடியும். உங்கள் வீட்டில் யாருக்காவது தைராய்டு, பித்தப்பை, ப்ராஸ்டேட், கர்ப்பப்பை என்று ஏதாவது ஒரு ஆபரேஷன் நடந்திருந்தால், பெரும்பாலும் இந்தக் கருவியும் அங்கே வேலை செய்திருக்கும். நம்மூர் ஆபரேஷன் தியேட்டர்களில் இதை ‘காட்டரி’ என்பார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் இன்றைக்கும் இதன் பெயர் ‘போவி’.

போவி என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் அறுவை சிகிச்சை நிபுணர் கிடையாது. டாக்டர் பட்டம் இருந்தது, ஆனால் அது மருத்துவத்தில் வாங்கியதல்ல. செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து வாங்கியது.

கத்தியை விடப் பெரிய சிக்கல்

100 ஆண்டுகளுக்கு முன்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் திணறியது வெட்டுவதில் அல்ல. வெட்டிய பிறகு வரும் ரத்தத்தை நிறுத்துவதில்தான். கையிலோ காலிலோ ஒரு ரத்தக்குழாய் அறுந்தால் இடுக்கியால் பிடித்து நூலால் கட்டிவிடலாம். மூளைக்குள் அது நடக்காது. அங்கே ரத்தக்குழாய்கள் மெல்லியவை, இடமும் குறைவு. நூல் கட்டக் கையை நீட்டினால் பக்கத்தில் இருக்கும் மூளைத் திசு சேதமாகும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த ஹார்வி குஷிங் இந்தச் சிக்கலோடு வாழ்க்கை முழுவதும் மல்லுக்கட்டியவர். நவீன மூளை அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். ரத்தக்குழாயை நூலால் கட்ட முடியாத இடத்தில் கவ்வி நிறுத்த, சின்ன வெள்ளி கிளிப் ஒன்றை 1911-லேயே உருவாக்கியவர். அப்படியும் சில கட்டிகளைத் தொட்டாலே ரத்தம் பெருக்கெடுக்கும். பாதியில் நிறுத்தி, தலையைத் தைத்து மூடி, நோயாளி தேறிய பிறகு சில நாள் கழித்து மறுபடி திறப்பார். சில கட்டிகளை எடுக்கவே முடியாது என்று விட்டுவிடுவார்.

ரத்தம் ஏற்றுவதும் அன்று இன்று போல எளிதில்லை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் முதல் ரத்த வங்கி வந்ததே 1937-ல்தான். அதுவரை, ரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பவரை நேரில் அழைத்துவர வேண்டும்.

பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் முறை மிகப் பழையது. சுஸ்ருதரின் மருத்துவத்திலேயே சூடு வைக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால், இரும்பின் சூடு சுற்றியிருக்கும் நல்ல திசுவையும் சேர்த்துக் கருக்கிவிடும். மூளையில் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

செடியில் இருந்து புற்றுநோய்க்கு

வில்லியம் போவி 1882-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அகஸ்டா என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாவர உடலியலில் ஆராய்ச்சி செய்து 1914-ல் முனைவர் ஆனார். செடி வளரும் வேகத்தைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியைத் தானே வடிவமைத்தார். கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை அளக்க வேண்டும் என்றால் அதற்கான கருவியையும் தானே செய்துகொள்வது அவர் பழக்கம்.

ஏறக்குறைய அதே காலத்தில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் செடியின் வளர்ச்சியை அளக்கும் கருவியோடு உலகத்தை வியக்க வைத்துக்கொண்டிருந்தார். போஸ் இயற்பியலில் இருந்து செடிக்கு வந்தார். போவியோ செடியில் இருந்து இயற்பியலுக்குப் போனார்.

ஹார்வர்டின் புற்றுநோய் ஆராய்ச்சி ஆணையத்தில் போவிக்கு வேலை கிடைத்தது. ரேடியம், புற ஊதாக் கதிர் போன்றவை உயிருள்ள செல்லை என்ன செய்கின்றன என்பதுதான் அவர் துறை. இன்று இதை உயிர் இயற்பியல் என்கிறோம். அங்கேதான், புற்றுக் கட்டிகளை மின்சாரத்தால் வெட்டி எடுக்கும் கருவியில் அவர் கவனம் திரும்பியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தை அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்திய முதல் ஆள் போவி இல்லை. பிரான்ஸில் 1900-களின் தொடக்கத்திலேயே மின்பொறியால் தோல் புண்களுக்கும் கட்டிகளுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். நியூயார்க்கில் எட்வின் பீர் 1910-ல் சிறுநீர்ப்பைக் கட்டிகளை இதே முறையில் கருக்கிக் காட்டினார். ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் தோலுக்கும் சின்னக் கட்டிகளுக்கும் என்று நின்றுவிட்டன. பெரிய ஆபரேஷன் செய்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக வெட்டவும் வேண்டும், ரத்தத்தை நிறுத்தவும் வேண்டும், இரண்டும் ஒரே கருவியில், டாக்டரின் கைக்கு அடக்கமாக வேண்டும். அதைச் செய்து காட்டியதுதான் போவியின் சாதனை.

கரன்ட் விட்டால் ஷாக் அடிக்காதா?

நியாயமான கேள்விதான். வீட்டு கரன்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். இந்த வேகத்துக்கு நம் நரம்பும் தசையும் ஈடுகொடுக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தசை சுருங்கும், இதயம் தாளம் தப்பும். ஷாக் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

திசை மாறும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால்? பிரெஞ்சு விஞ்ஞானி ஆர்சென் தார்சொன்வால் 1891-ல் ஓர் ஆச்சரியத்தைக் கண்டுபிடித்தார். நொடிக்கு 10,000 முறைக்கு மேல் முன்னும் பின்னும் போய்வரும் மின்சாரத்தை உடலில் செலுத்தினால் தசை துடிக்கவில்லை, வலியும் இல்லை. உடல் லேசாகச் சூடானது, அவ்வளவுதான்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகத் தள்ளினால் ஆடும். ஒரு நொடியில் ஆயிரம் தடவை முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும். நரம்பின் கதையும் ஏறக்குறைய இதுதான். இன்றைய கருவிகளில் மின்சாரம் நொடிக்கு லட்சக்கணக்கான முறை, பொதுவாக 3 லட்சத்துக்கு மேல், திசை மாறுகிறது. நரம்புக்கு அது உறைப்பதில்லை. ஆனால் செல்லுக்குள் இருக்கும் உப்பு அயனிகள் அதிர்ந்து உரசி, சூடு பிறக்கிறது.

அப்படியென்றால் உடல் முழுக்க வெந்துபோகாதா என்றால், போகாது. பலூனை உள்ளங்கையால் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதே அழுத்தம் ஓர் ஊசி முனையில் வந்தால் வெடித்துவிடும். டாக்டர் கையில் இருக்கும் முனை மிகச் சிறியது. அங்கே மின்சாரம் குவிகிறது, சூடும் அங்கேதான். நோயாளியின் தொடையிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் அகலமான பட்டை வழியாக அதே மின்சாரம் பரவலாக வெளியேறுகிறது. அங்கே தோலுக்குச் சூடு தெரிவதில்லை.

இன்னொரு விஷயம். சூடாவது கருவியின் முனை இல்லை, திசுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கும் இதற்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் இது. ‘காட்டரி’ என்ற பெயர் உண்மையில் அந்தப் பழைய சூட்டுக்கோலுக்குத்தான் பொருந்தும். பழக்கத்தில் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

வெட்டுவதும் நிறுத்துவதும்

ஒரே மின்சாரம் இரண்டு வேலையை எப்படிச் செய்கிறது? இதற்குச் சமையலறையில் இருந்தே விடை சொல்லலாம்.

மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சட்டென்று 100 டிகிரியைத் தாண்டி ஆவியாகும். சூடான சட்டியில் சோளப்பொரி வெடிப்பது போலச் செல் வெடித்துவிடும். முனை நகரும் பாதையில் செல்கள் வரிசையாக வெடித்துக்கொண்டே போக, திசு இரண்டாகப் பிரியும். இதுதான் வெட்டு.

மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் இடையிடையே சூடு தணியும். செல் வெடிக்காது. வெயிலில் வத்தல் காய்வது போல ஈரம் வற்றிச் சுருங்கும். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் புரதம் கெட்டிப்படத் தொடங்கும். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது நடக்குமே, அதேதான். சின்ன ரத்தக்குழாயின் வாய் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் நிற்கும்.

போவி தன் கருவியில் வெட்டுவதற்கு ஒரு மின்சுற்று, ரத்தத்தை நிறுத்த இன்னொரு மின்சுற்று வைத்தார். டாக்டர் பிடித்துக்கொள்ளத் துப்பாக்கிப் பிடி போன்ற கைப்பிடி. அதன் முனையில் தேவைக்கு ஏற்றாற்போல மாட்டிக்கொள்ளக் கம்பி வளையம் உள்ளிட்ட பல முனைகள். வளையத்தைத் திசுவுக்குள் செலுத்தி இழுத்தால், ஐஸ்கிரீமைக் கரண்டியால் வழித்தெடுப்பது போலக் கட்டியைத் துண்டு துண்டாக எடுக்கலாம்.

அக்டோபர் 1, 1926

அந்த ஆண்டு செப்டம்பரின் கடைசி நாட்களில், பாஸ்டனில் உள்ள பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் 64 வயது நோயாளி ஒருவருக்கு குஷிங் ஆபரேஷன் தொடங்கினார். மண்டையோட்டில் வளர்ந்திருந்த கட்டி அது. ரத்தக்குழாய்கள் நிறைந்தது. வெட்டத் தொடங்கியதுமே ரத்தத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆபரேஷனைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

குஷிங் அன்று உலகப் புகழின் உச்சியில் இருந்தவர். வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவ மேதையைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு அதே 1926-ல்தான் புலிட்சர் பரிசு வென்றிருந்தது. அப்படிப்பட்டவர், மருத்துவர் அல்லாத ஒரு தாவர விஞ்ஞானியிடம் உதவி கேட்டார்.

போவியின் கருவி ஹன்டிங்டன் நினைவு மருத்துவமனையில் இருந்து பிரிகாமுக்கு வந்தது. அக்டோபர் 1 அன்று அதே நோயாளியை மீண்டும் ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்தார்கள். கருவியை இயக்கியது போவி, கைப்பிடியைப் பிடித்தது குஷிங். சில நாட்களுக்கு முன் தொட முடியாமல் விட்ட கட்டியைக் கம்பி வளையத்தால் துண்டு துண்டாக வழித்தெடுத்தார்கள். முன்பு போல ரத்தம் பெருக்கெடுக்கவில்லை. நோயாளி பிழைத்தார்.

அதன் பிறகு குஷிங் செய்ததுதான் முக்கியம். ஆபரேஷன் செய்ய முடியாது என்று முன்பு தானே கைவிரித்த நோயாளிகளை அவர் திரும்ப அழைத்தார். எடுக்க முடியாமல் விட்ட கட்டிகளை எடுக்கத் தொடங்கினார். போவி பல ஆபரேஷன்களில் கூடவே நின்று, எந்தத் திசுவுக்கு எவ்வளவு கரன்ட் சரிவரும் என்று கருவியைத் திருத்திக்கொண்டே வந்தார். இருவரின் அனுபவமும் 1928-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியாகி, உலகம் முழுவதும் அறுவை சிகிச்சை நிபுணர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1931-ல் குஷிங் தனது 2,000-வது மூளைக் கட்டி ஆபரேஷனைச் செய்து முடித்தார்.

ஷாக்கும் நீலத் தீயும்

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஒரு ஆபரேஷனில், குஷிங் கையில் இருந்த உலோகக் கருவி வழியாக மின்சாரம் ஏறி, கையைக் கடந்து, தலையில் மாட்டியிருந்த விளக்கு வழியாக வெளியேறியது. ஷாக் அடித்தது நோயாளிக்கு இல்லை, டாக்டருக்கு.

அன்று மயக்க மருந்தாகப் பயன்பட்டது ஈதர். பெட்ரோல் போல எளிதில் தீப்பிடிக்கும் ஆவி. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் காற்றறை திறந்துகொண்ட ஓர் ஆபரேஷனில், அங்கிருந்து கசிந்த ஈதர் மின்பொறி பட்டு நீலமாகத் தீப்பற்றியது. மின்சாரம் வந்த பிறகு மயக்க மருந்து கொடுக்கும் முறையையும் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

ஒரு டாலர்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. போவி கோடீஸ்வரர் ஆகியிருக்க வேண்டும் அல்லவா?

நடந்தது வேறு. ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. சின்சினாட்டி நகரைச் சேர்ந்த லீபெல்-ஃப்ளார்ஷைம் நிறுவனம் கருவியைத் தயாரித்து விற்க முன்வந்தது. காப்புரிமையை போவி அந்த நிறுவனத்துக்கு விற்றார். விலை, ஒரே ஒரு டாலர்.

அந்த நிறுவனம் கருவிக்கு அவர் பெயரையே வைத்தது. ‘போவி’ அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர்களை நிறைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து டிரான்சிஸ்டர் கருவிகள் வரும் வரை அந்தப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் போவி அங்கே இல்லை. 1920-களின் இறுதியில் சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கும் நிலைக்கவில்லை. கடைசியில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் போய்த் தங்கினார். 1958-ல் இறந்தபோது அவர் கையில் பணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

குஷிங்கின் பெயரில் ஒரு நோயே இருக்கிறது. மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் அதைப் படிக்கிறார்கள். போவியின் பெயரைத் தினமும் உச்சரிப்பவர்களில் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது.

வேலூர் வரை வந்த வழி

பென்னலூரில் இருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை. சாண்டி கனடாவின் மான்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர். அந்த பென்ஃபீல்டு இளம் டாக்டராக வேலை பழகியது பாஸ்டனில், குஷிங்கின் கீழே. அடுத்த ஆண்டே, 1950-ல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். பாஸ்டனில் வளர்ந்த கலை இரண்டு தலைமுறையில் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இன்று இந்தக் கருவி மூளைக்கு மட்டுமானதல்ல. வீங்கிய ப்ராஸ்டேட்டை வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையத்தால் சீவி எடுக்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றாக மாறக்கூடிய பகுதியை அதே போன்ற மெல்லிய வளையத்தால் சில நிமிடங்களில் அகற்றுகிறார்கள். குடலில் வளரும் சின்னக் கட்டிகளை எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுக்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் போகிறீர்களா?

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அறுவை சிகிச்சை நிபுணரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மின்சாரம் அதன் வேலையில் குறுக்கிடலாம். இடுப்பிலோ முழங்காலிலோ உலோகம் வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். பட்டையை எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்ய அது உதவும். மோதிரம், கொலுசு, மெட்டி, அரைஞாண் கயிற்றில் இருக்கும் வெள்ளி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதற்கு, திருட்டுப் போய்விடும் என்பது மட்டும் காரணம் இல்லை. உலோகம் பட்ட இடத்தில் மின்சாரம் குவிந்தால் தோல் சுட்டுவிடலாம்.

ஈதர் போய்விட்டது. ஆனால் தோலைச் சுத்தம் செய்யப் பூசும் ஸ்பிரிட் கலந்த மருந்தும், நோயாளிக்குத் தரும் ஆக்ஸிஜனும் இருக்கின்றன. மருந்து நன்றாகக் காயும் வரை தியேட்டரில் காத்திருப்பது அந்த நீலத் தீயை மனதில் வைத்துத்தான்.

ஒரகடத்துக்கு என்ன சேதி?

பென்னலூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரகடத்தில்தான் தமிழ்நாட்டின் மருத்துவக் கருவிகள் பூங்கா அமைகிறது. நாளை இந்த வட்டாரத்து இளைஞர்கள் கார் பாகங்களோடு சேர்த்து ஆபரேஷன் தியேட்டருக்கான கருவிகளையும் வடிவமைக்கப் போகிறார்கள். போவியின் கதையில் அவர்களுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அவர் பெட்டியைச் செய்து அனுப்பிவிட்டு லேபில் உட்கார்ந்துவிடவில்லை. ரத்தம் தெறிக்கும் இடத்திலேயே நின்று, டாக்டர் தடுமாறும் ஒவ்வொரு முறையும் கருவியைத் திருத்தினார். முன்பே பலர் கையில் இருந்த தொழில்நுட்பம் அவர் கையில் மட்டும் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பணம். இந்தியாவில் ஒரு காப்புரிமை 20 ஆண்டுகளுக்குச் செல்லும். வேலையில் இருக்கும்போது செய்யும் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை, பல நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். சேருகிற நாளில் சம்பளப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. போவிக்குக் கிடைத்த ஒரு டாலர், அன்றைய மதிப்பில் மூன்று ரூபாய் கூட இல்லை.